மடங்காத மணிக்கட்டு

பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் அர்ச்சகர் தோதாத்ரி குனிந்ததில்லை. நிலைப்படி இடித்தால்கூட நிலைப்படிதான் விலக வேண்டும் என்று நினைக்கிற மனுஷர். கூடவே குடித்தனம் நடத்துகிற மாதவிக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

அப்பேர்ப்பட்டவரின் வலது மணிக்கட்டு தேய்ந்து, உயிரை வாங்கியது. புத்தூர்க் கட்டு, ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு வழி சொன்னார். சின்ன எலும்புகளில் மூன்றை எடுத்துவிட்டால் கை ஓரளவு மடங்கும். ஆனால் பிடி தளரும், வலி திரும்பவும் வரலாம். தகடு வைத்து மூட்டையே ஒட்டிவிட்டால் வலி போகும். ஆனால் ஆயுசுக்கும் மணிக்கட்டு மடங்காது. அது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, கையை மடங்கவிடாத ஒரு பட்டையை மாட்டிவிட்டார்.

"ஒரு வாரம் இதோடயே எல்லா வேலையும் செஞ்சு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

வாரம் முடிந்ததும், "ஒரு கஷ்டமும் இல்லை, தகடே வெச்சுடுங்கோ" என்று தோதாத்ரி சொல்லிவிட்டார். நாளைக்கு ஆபரேஷன். இன்று சாயங்காலம் போய்ச் சேர வேண்டும்.

காலையில் கோயிலுக்குப் பூ கொண்டுபோன மாதவி, மடப்பள்ளிச் சுவரில் அந்தப் பட்டை ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள்.

"ஏன்னா, இதைக் கழட்டிட்டா கைங்கர்யம் பண்றேள்? வாரம் பூராவும் இப்படித்தானா?"

"பின்னே? ரப்பரும் பிளாஸ்டிக்குமாப் பெருமாள்கிட்ட போறதா? மடி என்னாறது?"

"நாளைக்கு உள்ளே வெக்கப்போற தகட்டைக் கழட்டி எந்த ஆணியிலே மாட்டுவேள்?"

பட்டையோடு ஆத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட கைக்கு என்ன கஷ்டம் தெரியும்! மாதவி பட்டையை மாட்டி, மடிக்காக மேலே ஈர வஸ்திரத்தைச் சுற்றினாள்.

ஏகாதசிக் கூட்டம். தீர்த்தம் வார்க்கத் தடையில்லை. முழங்கைக்குக் கீழே கை தாராளமாகப் புரண்டது. நெட்டையானவர்கள் தலையில் சடாரியும் சரியாக அமர்ந்தது. அப்புறம் கூன் விழுந்த ஜெயம்மா வந்தாள். தோதாத்ரி கையைத் தாழ்த்தினார். மணிக்கட்டு மடங்கவில்லை; சடாரி சாய்ந்து அவள் நெற்றியில் ணங்கென்று இடித்தது.

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

"பரவால்ல சாமி, இன்னொரு தபா வைங்க" என்றாள் ஜெயம்மா, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

தோதாத்ரி வெளிறிப்போய்ச் சடாரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இனி ஆபரேஷனே வேண்டாம் என்பார், வலியோடே காலம் தள்ளுவார் என்று மாதவி நினைத்தாள்.

அவர் முழங்காலை மடக்கினார். முதுகை வளைத்தார். ஜெயம்மாவின் உயரத்துக்கு இறங்கி, சடாரியை நேராக வைத்தார். அவளுக்குப் பின்னால் நின்ற குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அதேபோல் இறங்கி இறங்கி எழுந்தார்.

நடை சாத்தியதும் மாதவி ஓடிவந்தாள். "கை வலிச்சுதா?"

"துளிக்கூட இல்லை." இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஆயுசு பூரா நான் குனியணும்டி."

"உங்களால முடியுமா?"

"பாதித் தெருவுக்கு இன்னிக்கே குனிஞ்சாச்சு. ஆஸ்பத்திரிப் பையை எடு."