எவேலியோ மூடிய எறும்புக்குழி

வயிற்றில் கட்டி என்று ரோஸ்மீரா அக்காவை புகாரமாங்கா நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் மகள் மட்டும் கூட இருந்தாள். வீட்டில் எவேலியோ அத்தான் தனி ஆள். அக்கா வந்ததும் கண்ணில் படட்டும் என்று படுக்கையறை ஜன்னலுக்கு நேரே ஓர் ஆரஞ்சுக் கன்று நட்டிருந்தார். அவர் அதனோடு பேசுவது வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கும் கேட்கும்.

ஆபரேஷன் அன்று காலையில் பார்த்தால் கன்று வெறும் குச்சி. இலைத்துண்டுகளைத் தலைக்கு மேல் பிடித்தபடி கடைசி எறும்புகள் மரவள்ளித் தோட்டத்து மூலையில் இருந்த புற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா அக்காவுக்குக் கொடுத்த நிலத்தோடு வந்த புற்று அது. மழை தொடங்கும்போது அதிலிருந்து பறந்து கிளம்பும் பின்பக்கம் பெருத்த ராணி எறும்புகளை உப்புப் போட்டு வறுத்துத் தின்போம். ஊரே தின்னும். அக்கா அந்தப் புற்றை மாடு கன்று போலப் பார்த்துக்கொள்வாள்.

அத்தான் கடப்பாரையை எடுத்தார். பூட்ஸ் போடவும் மறந்துவிட்டார். அக்கா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். அதற்குள் தோண்டத் தொடங்கிவிட்டார்.

இடுப்பளவு தோண்டியதும் மண் சரிந்து ஓர் அறை திறந்தது. உள்ளே சாம்பல் வெள்ளையில், ஊறிப்போன ரொட்டி மாதிரி பூஞ்சை. இந்த எறும்புகள் இலையைத் தின்பதில்லை, மென்று பூஞ்சைக்குப் போட்டு, அது வளர்ந்ததும் அதைத்தான் தின்கின்றன என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பெரிய தலை எறும்புகள் அத்தான் காலைக் கவ்வி ரத்தம் வரவைத்தன. சின்னவை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூஞ்சையில் ஆளுக்கொரு துண்டு பிய்த்து நிழலுக்குக் கொண்டு ஓடின. வெயில் பட்ட பக்கம் எங்கள் கண்ணெதிரே சுருங்கியது.

அத்தான் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"அங்க அவளையும் இப்பத் தொறந்துதான் வெச்சிருப்பாங்க" என்றார். பிறகு, "ஈரச் சாக்கு கொண்டாங்க, சீக்கிரம்."

பலகை, வாழையிலை, ஈரச் சாக்கு, அதற்கு மேல் மண் என்று இருவருமாக மூடினோம். அவர் காலில் பதிந்திருந்த எறும்புத் தலைகளை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், அம்மா கண் விழித்துவிட்டாள் என்றாள். அத்தான் போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் கொய்யாக் கிளைகளை வெட்டிப் புற்று வாயில் போட ஆரம்பித்தார். கன்றின் பக்கம் வராமலிருக்கத்தான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டார்.

அக்கா வீடு திரும்பிய மறுநாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

"நாய்க்குச் சோறு வெக்க மறக்கற மனுஷன், எறும்புக்குப் பந்தி போடறீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கடப்பாரையில் தொடங்கி எதையும் மறைக்காமல் சொன்னார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு வீங்கியிருந்த அவர் காலைத் தடவினாள்.

"பூஞ்சை பொழைச்சிச்சா?"

"பொழைச்ச மாதிரிதான் இருக்கு. இலைய வேண்டாங்காம எடுத்துக்குதுங்க."

"அப்ப நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க. எளைச்சுப் போயிருக்கீங்க."

குச்சியாக நின்ற கன்று ஒரு மாதத்தில் துளிர்த்தது. மழை வந்தபோது புற்றிலிருந்து ராணிகள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கிளம்பின. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றைக்கூடப் பிடிக்க எங்களை விடவில்லை. புதுக்குடித்தனத்துக்கு ஒவ்வொருத்தியும் வாயில் ஒரு துளி பூஞ்சை எடுத்துப் போகிறாள் என்றாள். அதைப் பார்க்கிறேன் என்று அத்தான் ஒன்றைத் தூக்கி, கட்டைவிரலில் கடி வாங்கினார். அக்கா அந்த விரலைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டாள்.

அந்த வருஷம் வறுத்துத் தின்பதற்குச் சந்தையில்தான் வாங்கினோம்.