கழுதை குடியிருந்த அறை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பேசித் தீர்ப்பதில்லை. தொழுவத்தைத் திறந்துவிடுவோம்.

சண்டைக்காரர்கள் இருவரும் முற்றத்தின் இரண்டு மூலைகளில் நிற்க வேண்டும். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் விசில் ஊதி, பச்சைக்கொடி காட்டி, கதவைத் திறப்பார். பசு, பன்றி, ஆடுகள், வாத்துகள், வான்கோழி எல்லாம் வெளியே வரும். கூட்டம் யார் பக்கம் போகிறதோ அவர் சொன்னதுதான் சட்டம். வாயில்லா ஜீவன் பொய் சொல்லாது என்பது மாமனாரின் கட்சி. பொய் சொல்லாதுதான், ஆனால் லஞ்சம் வாங்கும். தினமும் தீவனம் வைக்கிற கை மாமியாருடையது என்பதால் அவர் இதுவரை தோற்றதே இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், மிக்சியை எங்கே வைப்பது என்ற வழக்கில் ஒரு வான்கோழி எனக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அந்த மிக்சி இன்னமும் குளியலறை வாசலில்தான் இருக்கிறது.

இந்த முறை நான் தோற்கக் கூடாது. எனக்கு எட்டாவது மாதம். நானும் என் கணவரும் படுப்பது தீவனக் கிடங்கில், தவிட்டு மூட்டைகளின் மேல். காற்றும் வெளிச்சமும் உள்ள பின்னறையில் கழுதை இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் அதற்குச் சளி பிடித்தது என்று மாமியார் உள்ளே கூட்டிவந்தார். சளி போய்விட்டது, கழுதை போகவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எங்கள் கழுதைக்கு மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது வரை தெரியும். குறைத்தால் சுவரை உதைக்கும்.

"பொறக்கப்போற குழந்தைய மூட்டை மேலயா போடுறது அத்தை?" என்று கேட்டேன்.

"உன் புருஷனும் மூட்டை மேல வளர்ந்தவன்தான். நல்லாத்தானே இருக்கான்?" என்றார் மாமியார்.

இருவரும் அவரைப் பார்த்தோம். பால் வண்டி ஓட்டும் என் கணவர் டீயை ஊதிக்கொண்டே, "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்" என்றார். வீட்டில் அவருக்குப் பெயரே 'சரிதான்'. உப்பு கூட என்றாலும் சரிதான், குறைவு என்றாலும் சரிதான். கழுதையைக்கூட மன்னித்துவிடுவேன். இந்த நேரத்திலும் எனக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷனை என்ன செய்வது?

"அப்ப நாளைக்குக் காலைல கதவைத் திறந்துடலாம்" என்றார் மாமனார்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். வறுத்த சோளத்தில் வெல்லத்தைப் பொடித்துப் போட்டு ஒரு பொட்டலம் கட்டினேன். ஆனால் விசிலுக்கு முன் நானும் மாமியாரும் ஒருவர் மடியை ஒருவர் சோதிப்போம், அதுவும் சட்டம். ஆகவே பொட்டலத்தை, முற்றத்து ஆணியில் தொங்கிய என் கணவரின் கோட்டுப் பையில் ஒளித்தேன். சோதனை முடிந்ததும் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். அவரையோ அவர் கோட்டையோ எந்தச் சண்டையிலும் யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

காலையில் சோதனை முடிந்து திரும்பினால் ஆணி காலி. குளிருக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு மனுஷன் முற்றத்தின் நட்டநடுவில், யார் பக்கமும் சாயாமல், டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பகீரென்றது. எதிர் மூலையில் மாமியாரும் பேயறைந்த மாதிரி நின்றார். அவருக்கு என்ன வந்தது என்று யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

பன்றிதான் முதலில் மோப்பம் பிடித்தது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் ஓடி அவரைச் சூழ்ந்துகொண்டது. ஓர் ஆடு இடது பையைக் கிழிக்க, என் வெல்லச் சோளம் கொட்டியது. பசு வலது பையில் மூக்கை நுழைத்து இன்னொரு பொட்டலத்தை வெளியே இழுத்தது. கடலைப் புண்ணாக்கு. நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் வானத்தைப் பார்த்தார். பின்னறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு கழுதையும் வந்து சேர்ந்தது.

மாமனார் கொடியைச் சுருட்டினார். "மொத்தக் கூட்டமும் உன் பக்கம்டா. இனி நீ சொல்றதுதான் சட்டம்."

"நான் எதுவும் கேக்கலையேப்பா!"

"அதெல்லாம் முடியாது. யாருக்கு அறை? சொல்லு."

"ரெண்டு பேரு சொல்றதும்..."

"ஒரு வண்டி ரெண்டு தண்டவாளத்துல... ரெண்டு லைன்ல போகாதுடா. ஒண்ணைச் சொல்லு!"

அவருக்கு வியர்த்துவிட்டது. ஓடவும் வழியில்லை, சுற்றிலும் ஆடு. பசு கோட்டுப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன்.

"அம்மா" என்றார் கடைசியில். "மூட்டை மேல படுத்தா முதுகெல்லாம் அரிக்குது. சின்ன வயசுலேருந்தே அரிக்குதும்மா. என் பிள்ளைக்கு அது வேண்டாம். அறை இவளுக்குத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"இத்தனை வருஷமா ஏண்டா சொல்லலை?" என்று கேட்டார் மாமியார்.

"இன்னிக்குத்தானேம்மா என் பக்கம் யாராவது வந்திருக்காங்க" என்றார் அவர், ஆட்டின் வாயிலிருந்து கோட்டின் கையைப் பிடுங்கியபடி.

மாமியார் ஆடுகளை விலக்கிக்கொண்டு போய், மகனின் கோட்டுக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்துவிட ஆரம்பித்தார்.