பூவோடு எழுந்த திரை

1

"தூங்கி எழுந்திரிச்ச பிறகு தொட்டாக்கூட அதுக்குத் தெரியலன்னா, தூங்க வச்சது தப்பா, எழுப்புனது தப்பா?"

இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை வந்தது. குருபோங் என்ற தொழிற்சாலை ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கையில் கரண்டியோடு ஓர் அக்கா கேட்டது. கேட்டது இதை எழுதுகிறவளிடம். ஆனால் எழுதுகிறவள் கதைக்குள் போய் நின்றால் வாயே திறக்க மாட்டாள், கதை நகராது. அதனால் தாரணி என்று ஒருத்தியை உண்டாக்கிக் கேள்வியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். தாரணியும் வாய் திறக்க மாட்டாள் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிந்தது. அதற்குள் பெயர் பிடித்துப்போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "தொழிற்சாலைப் புகைக்கு நடுவே மெல்லப் புலர்ந்த ஒரு விடியலில்…"

[நிறுத்தம். குருபோங்கில் விடியலைப் பார்க்க யாருக்கு நேரம்? எல்லாரும் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "லினக்ஸில் ஓடும் தொடுதிரையின் டிரைவர், கணினி உறங்கி விழித்தபின் உள்ளீடுகளை ஏற்க மறுப்பதற்கான காரணங்கள் பலவாகும். அவையாவன…"

[இதை மங்களம் அக்காவிடம் படித்துக் காட்டினால் கரண்டி பறக்கும்.]

சரி, நேராகவே சொல்லலாம்.

மங்களம் அக்காவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை நிற்கிறது. ரொட்டி சானாய், தோசை, தே தாரேக் என்கிற ஆற்றின தேநீர் எல்லாம் படமாக இருக்கும். வேண்டியதைத் தொட்டால் அடுக்களையில் சீட்டு அச்சாகி விழும். அக்காவின் தம்பி காந்தன் வேலை செய்யும் தொழிற்சாலையில் வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டி அது. அதில் லினக்ஸ்* போட்டு, படங்களை அடுக்கி, எழுப்பி நிற்க வைத்தவள் தாரணி. அவள் நியாலாஸ் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்தவள். படிவம் நான்கோடு பள்ளிக்குப் போவதை நிறுத்தியவள். அடுக்களையில் வெங்காயம் உரிக்கிறாள், தட்டு கழுவுகிறாள், திரையைப் பார்த்துக்கொள்கிறாள்.

* கணினியை ஓட்டும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி கேள்வி கேட்கும், பதிலை நாம்தான் தேட வேண்டும்.

திரை வருவதற்கு முன்னால் தாரணிதான் முன்னால் நின்று "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு சொற்கள் தொண்டைக்கு வருவதற்குள் வந்தவர் உட்கார்ந்து, கைகழுவி, பக்கத்துக் கடைக்கும் போயிருப்பார். திரை வந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அது திரை இல்லை, கதவு.

இப்போது அந்தக் கதவுதான் ரோசாக், கெட்டுப்போய்விட்டது.

3

ராத்திரி கடை சாத்தும்போது கணினியை முழுசாக நிறுத்திவிட்டால் இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. தாரணி முதல் நாளே அதைச் சொன்னாள். சொன்னாள் என்றால் கையால் காட்டினாள்.

"என்னது, கல்லாப் பக்கத்துல இருக்கறத அணைக்கிறதா?" என்றார் அக்கா. "விளக்கையே நாங்க அணைன்னு சொல்ல மாட்டோம், குளிர வையின்னுதான் சொல்லுவோம். வியாபாரம் பண்ற பொருளுடி இது. தூங்கட்டும், போதும்."

ஆகவே அது தூங்கியது. காலையில் பொத்தானை அழுத்தினால் எழுந்தது. படங்கள் வந்தன, கடிகாரம் சரியாக இருந்தது. தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஒரு விரலால் தொட்டார், அப்புறம் உள்ளங்கையால் தட்டினார், அப்புறம்தான் நீங்கள் முதலில் படித்த கேள்வியைக் கேட்டார்.

தாரணி பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் விசைப்பலகையைச் செருகி டிரைவரை* இறக்கி மறுபடி ஏற்றினாள். உடனே வேலை செய்தது.

* திரைக்கும் கணினிக்கும் நடுவில் நிற்கும் சின்ன நிரல். கண்ணாடியில் நடப்பதை வாங்கி உள்ளே சொல்லும். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு அக்கா மாதிரி.

மறுநாளும் அதே கதை. அப்படியானால் தினமும் கையால் செய்வதை ஒரு சிறு நிரலாக எழுதி, 'கணினி விழித்ததும் நீயே செய்துகொள்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எழுதினாள். தீரவில்லை. அதே இரண்டு கட்டளைகள்தான். தாரணி வந்து கையால் போட்டால் திரை கேட்கிறது. நிரல் போட்டால் கேட்பதில்லை. லாகை, அதாவது கணினி தன் வேலைகளை எழுதி வைக்கும் குறிப்பேட்டை, திறந்து பார்த்தாள். டிரைவர் இறங்கியது, ஏறியது, ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. இணையத்தில் கேட்டாள். ஒருவர் கொஞ்சம் காத்திருந்து ஏற்றச் சொன்னார், இன்னொருவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையே மாற்றச் சொன்னார், மூன்றாமவர் அவளுடைய கேள்விக்கே நன்றி சொன்னார். எல்லாம் செய்தாள். காலையில் திரை மறுபடி கல்.

4

[காந்தனைப் பற்றி ஒரு சந்தேகம். எல்லாக் கதைக்கும் ஒரு கெட்டவன் வேண்டுமென்று அவனைக் கொஞ்சம் கறுப்பாகத் தீட்டப் பார்த்தாள் எழுதுகிறவள். மீசையெல்லாம்கூட வைத்தாள். ஆனால் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததே அவன்தான். மீசையை எடுத்தாயிற்று.]

"ஓசியில கிடைக்கறத போட்டா இப்படித்தான் லா," என்றான் காந்தன், தேநீரை ஆற்றிக்கொண்டே. "மாச்சாம் நம்ம தாரணி மாதிரியே இருக்கு. முழிச்சிருக்கும், கூப்பிட்டா திரும்பாது."

"அவள ஒண்ணும் சொல்லாதடா," என்றார் அக்கா. உடனே தாரணியிடம் திரும்பினார். "ஆனா வெள்ளிக்கெழம வரைக்கும்தான் பாப்பேன், ஆமா. அன்னிக்குக் காலைல இது கேக்கலன்னா நீ முன்னாடி வந்து நின்னு ஆர்டர் எடுக்கற. வாயில என்ன கொழுக்கட்டையா?"

தாரணி தலையாட்டினாள். அது சரி என்றா, கொழுக்கட்டை இல்லை என்றா என்று யாருக்கும் புரியவில்லை. அன்றைக்குத் தட்டு கழுவும்போது அவள் தனக்குள் "என்ன சாப்பிடுறீங்க?" என்று சொல்லிப் பார்த்தாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்கே கேட்கவில்லை.

5

வியாழக்கிழமை பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. கதையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு காரணம் வைத்திருக்கலாம். நடந்தது இதுதான்.

தாரணி உள்ளே நுழைந்தபோது அக்கா கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். அவள் எப்போதும் இதற்கெல்லாம் பிறகுதான் வருவாள். அக்கா சாமி படத்துக்குப் பூ வைத்தார். கல்லாவுக்குப் பூ வைத்தார். தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தை நாலு மடிப்பாகத் திரைமேல் தொங்கவிட்டார். புகையைக் காட்டினார். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினார். பூ வைக்காமல் எதையும் எழுப்புவது அவர் வழக்கமில்லை. ஒரு பாட்டை முழுசாக முனகி முடித்துவிட்டுச் சரத்தை எடுத்துப் படத்துக்கு மாற்றினார்.

தாரணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

[இங்கே எழுதுகிறவள் "மின்னல் வெட்டியது போல" என்று எழுதி அடித்துவிட்டாள். எதுவும் வெட்டவில்லை. பையைக்கூட இறக்காமல் சிரித்தாள், அவ்வளவுதான்.]

விஷயம் இது. கண்ணாடி விழித்ததும், டிரைவர் ஏறும்போதெல்லாமும், தன்மேல் ஒன்றும் இல்லாதபோது தான் எப்படி இருக்கிறது என்று ஒருதரம் அளந்துகொள்ளும். அதிலிருந்து ஏதாவது மாறினால்தான் 'விரல் வந்தது' என்று எடுத்துக்கொள்ளும். ஈரப் பூ மேலே கிடக்கும்போது அளந்தால், பூவோடு இருப்பதுதான் வெறுமை என்று நினைத்துவிடுகிறது. அதற்கப்புறம் விரல் வந்தாலும் புரியாது. தாரணி கையால் டிரைவரை ஏற்றிய நாளெல்லாம் பூ படத்துக்குப் போயிருந்தது. நிரல் ஏற்றியபோதெல்லாம் பூ இருந்தது. டிரைவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அவள் சோதித்துப் பார்த்தாள். ஈரத் துணியைப் போட்டுத் தூங்க வைத்து எழுப்பினால் கேட்கவில்லை. துணி இல்லாமல் கேட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. கறிவேப்பிலையைக் கழுவிப் போட்டுப் பார்த்தாள். எலுமிச்சைப் பழத்தை உருட்டினாள். கடைசியில் ஒரு கத்திரிக்காயை எடுத்து விரல் மாதிரி தொட்டாள். திரை அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டது.

"யாருக்குடி மூணு தோசை?" என்று உள்ளிருந்து அக்கா கத்தினார். "கடையில ஒரு ஈ காக்காகூட இல்ல!"

கத்திரிக்காய்க்கு என்று எப்படிச் சொல்வது? மூன்றையும் தாரணியே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

6

இனி ஒரே வேலைதான் பாக்கி. "அக்கா, பூவை எடுத்துட்டு எழுப்புங்க." இதை அக்காவிடம் சொல்ல வேண்டும்.

சிரிக்காதீர்கள். வாய் திறக்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டாள். கடைசியில் அந்தப் பாடே அவளை வாய் திறக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதுவும் எதற்கு, சாமிக்கு வைக்கிற பூவை எடு என்று சொல்வதற்கு.

நிரலைக் காத்திருக்க வைக்கலாமா? முடியாது. அக்காவின் பாட்டு சில நாள் நாலு வரியில் முடியும், சில நாள் அவர் சந்தோஷத்தைப் பொறுத்து நீளும்.

அதனால் தாரணி வேறு மாதிரி எழுதினாள். கணினி விழித்ததும் படங்கள் வராது, ஒரு வரியும் அதன் கீழே 'சரி' என்று ஒரு பொத்தானும் மட்டும் வரும். பின்னால் நிரல் சில நொடிக்கு ஒருதரம் டிரைவரை இறக்கி ஏற்றிக்கொண்டே இருக்கும், பொத்தானில் உண்மையான விரல் படும்வரை. அந்த வரியைப் பூச்சரம் சரியாக மறைக்கும் இடத்தில் வைத்தாள். எழுத்தின் கால்கள் மட்டும் பூவுக்கு வெளியே தெரியும். எட்டிப் பார்க்காமல் அக்காவால் இருக்க முடியாது.

என்ன வரி என்பதில்தான் அவளுக்கு மாலை முழுக்க ஓடிப்போனது.

"சாதனம் தயாராகிறது. காத்திருக்கவும்." [அக்கா யாருக்காகவும் காத்திருந்ததில்லை.]

"பூவை அகற்றவும்." [கரண்டி.]

"அன்புள்ள மங்களம் அக்கா அவர்களுக்கு, நலம், நலமறிய" [விட்டுவிட்டாள்.]

கடைசியில் வைத்தது: "அக்கா, பூ போதும். இப்ப உங்க விரல்."

7

வெள்ளிக்கிழமை. காந்தன் வேடிக்கை பார்க்கவே வந்து உட்கார்ந்திருந்தான். தாரணி அடுக்களை வாசலில் நின்றாள். அக்கா பூ வைத்தார், புகை காட்டினார், அழுத்தினார். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.

அக்கா குனிந்தார். சரத்தை ஒரு கையால் தூக்கினார். உதடு அசைய ஒருதரம் படித்தார். சரத்தை முழுசாக எடுத்தார், மறுபடி படித்தார். பிறகு விரலை வைத்தார்.

படங்கள் வந்தன.

காந்தன் எழுந்து வந்து, நம்பாமல், ஒரு தே தாரேக்கைத் தொட்டான். உள்ளே சீட்டு விழும் சத்தம் கேட்டது.

முடிவு அ: அக்கா தாரணியைக் கட்டிக்கொள்கிறார். தாரணி தானாகவே முன்னால் வந்து, உள்ளே வருகிறவரைப் பார்த்து "என்ன சாப்பிடுறீங்க?" என்கிறாள். [நல்ல முடிவுதான். தாரணி படித்தால் சிரிப்பாள். கதவை இவ்வளவு கஷ்டப்பட்டுச் சரிசெய்தவள் எதற்கு வெளியே வர வேண்டும்?]

முடிவு ஆ: அக்காவுக்குக் கோபம். "என் பூவப் போதும்னு சொல்ல இது யாருடி?" [பாதி எழுதும்போதே அக்கா சிரித்துவிட்டார். விட வேண்டியதாயிற்று.]

முடிவு இ:

இங்கே நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவள் பார்த்தது இவ்வளவுதான். வானொலிக்கே பதில் சொல்கிற மங்களம் அக்கா அன்றைக்கு எதற்கும் பதில் சொல்லவில்லை. வாசலில் நின்றவளைத் தாண்டி உள்ளே வந்தார். விழுந்திருந்த சீட்டைக் கிழித்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். பிறகு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காந்தனின் தே தாரேக்கை ஆற்றப் போனார்.