முதலாளி யாரு, பாய்?

ராஜபாளையத்தில் பீர் மைதீனின் ரெடிமேட் கடை என்றால் தெரியாதவர் கிடையாது. கட்டடத்துக்காரர் இடித்துக் கட்டப்போகிறேன் என்று காலி பண்ணச் சொன்னதும், அந்தப் பேரும் புகழும் அட்டைப்பெட்டிகளுக்குள் அடங்கி வீட்டு மூலைக்கு வந்துவிட்டன. அதற்குப் பக்கத்திலேயே மனிதரும் படுத்துக்கொண்டார். வேறு கடை பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடை போன துக்கத்தைவிட, 'முதலாளி' என்று கூப்பிட ஆளில்லாத துக்கம்தான் அவருக்குப் பெரிது.

அடுப்பு எரிய வேண்டுமே! அவர் மனைவி நூர்னிசாதான் துணிந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துப் பழகிய கை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைப் பிடித்துத் தையல் மிஷினைப் போட்டாள். புருஷன் துணையில்லாமல் பஜாரைக்கூடத் தாண்டாதவள், தினமும் பஸ்ஸில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். தொடக்கத்தில் பட்ட பாடு கொஞ்சமா? கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன் ஒருவனின் பேண்டைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி வைத்துவிட்டு, அவன் போட்ட சத்தத்தில் வெலவெலத்துப் போனாள். அழுதுகொண்டே வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அதே பையன்தான் பிறகு விடுதியில் பாதிப் பேரை இழுத்துக்கொண்டு வந்தான்.

இப்போதெல்லாம் கத்தரி துணியில் ஓடும்போது அவளுக்கு ஒரு நினைப்பு வரும். அந்தக் கடை போகாமல் இருந்திருந்தால், தன் கைக்கு இவ்வளவு வரும் என்று தனக்கே தெரியாமல் போயிருக்குமே. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வாள். சொன்ன கையோடு பயந்தும் போவாள். அவருடைய கஷ்டத்துக்கா நன்றி சொல்கிறோம்?

இந்தச் சமயத்தில்தான் பெரிய வேலை ஒன்று தேடி வந்தது. காலேஜுக்கு பஸ் விடும் முத்துராமலிங்கம் தன் டிரைவர்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாதிரிச் சட்டை தைத்து வைக்கும்படி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

"மச்சான், விடுதிப் பிள்ளைங்க துணி வேற குவிஞ்சு கெடக்கு. ஒத்த ஆளா ஏலாது. செத்த நேரம் வந்து பட்டன் வச்சுக் குடுங்க."

"ஏட்டி, பொண்டாட்டி கடையில போயி நான் ஊசி புடிக்கணுமா?"

"புடிச்சா என்ன, கையா தேஞ்சிரும்?"

அவள் இப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பட்டன் வைக்க ஆரம்பித்தார்.

முத்துராமலிங்கம் வந்தார். மிஷினில் இருந்தவளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே பீர் மைதீனிடம் போனார். சட்டையை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தார்.

"தையலைக் கண்ணுல ஒத்திக்கலாம் பாய். அம்புட்டுச் சட்டையும் இங்கதான். மொதலாளி நீங்கதான?"

நூர்னிசாவின் கால் மிஷினில் நின்றுவிட்டது. வெளியாள் முன்னால் அவர் சொல்லை அவள் மறுத்துப் பேசியதே கிடையாது; இன்றும் பேசமாட்டாள். அவர் 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கடை அவருடையதாகிவிடும். அவர் நிமிர்ந்து நடக்கட்டுமே, கொடுத்துவிட்டால்தான் என்ன என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. என் கடை, என் கடை என்று அடித்துக்கொண்டது.

பீர் மைதீன் பட்டனுக்கு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

"நான் பட்டன் வைக்க வந்தவன், அண்ணாச்சி. மொதலாளி அவிய."

அந்தப் பக்கத்தில் பெரியவர்களை மரியாதையாக 'அவிய' என்பார்கள்; பெண்கள் புருஷனையும் அப்படித்தான் சொல்வார்கள். பெண்டாட்டியை அப்படிச் சொன்ன ஆம்பிளையை முத்துராமலிங்கம் கண்டதில்லை. தகப்பனாரைச் சொல்கிறார் என்று நினைத்து வாசலை எட்டிப் பார்த்தார்.

"அவியளா? உங்க அத்தாவா? வெளிய போயிருக்காவளோ? எப்ப வருவாவ?"

பீர் மைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை போன பிறகு அவர் சிரித்து நூர்னிசா பார்த்தது இன்றுதான். ஊசி பிடித்த கையாலேயே அவளைக் காட்டினார்.

"இந்தா, உக்காந்திருக்காவளே!"

நூர்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. டிரைவர்மாரை எப்ப அளவுக்கு அனுப்புதிய?"