லுகியாவின் பாட்டில் பெய்த மழை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு நோஹேயா. "எழுதிக்கோ. மழையோட பேர மட்டும் மாத்திடு," என்றாள். மாற்றிவிட்டேன். ஆகவே கீழே வரும் 'தோள்நனை மழை' என்ற பெயரை நம்ப வேண்டாம். எங்கள் தீவில் ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மழைக்கும் தனிப்பெயர் உண்டு. மழையைச் சொன்னால் அந்தப் பள்ளத்தாக்கையே சொன்னதாகிவிடும்.

2

'லுகியா தன் கணவர் பெனியமினாவை நினைத்துக் கட்டிய காதல் பாட்டு அது.'

(இப்படித்தான் தொடங்கினேன். 'கணவரை நினைத்து' என்பதை இப்போது எடுத்துவிடுகிறேன்.)

லுகியா கட்டிய காதல் பாட்டு அது. அவள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. விருந்துகளில் மகன் கைமானா யுகுலேலே மீட்டி அதைப் பாடுவான். பெனியமினா கண்மூடிக் கேட்பார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளில் அந்தப் பாட்டுக்கு ஹூலா ஆட ஆசைப்பட்டாள் மருமகள் நோஹேயா. ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மாபுவானாவிடம் போய்ப் பாடிக் காட்டினாள்.

*தோள்நனை மழையில் மலைப்பூ நனைந்தது,*
*வீட்டுக்குப் போகச் சொல்லாதே.*

மாபுவானா சிரித்தாள். "நனைஞ்சது பூ இல்லடி, ரெண்டு பேரு. அது சரி, உன் மாமனாருக்கு எந்த ஊரு?"

"கோனா."

"இந்த மழை தீவுக்கு அந்தப் பக்கம், ஹீலோ பக்கத்து மழையாச்சே. கோனா காய்ஞ்ச பூமி. பாட்டுல வர்ற ஊரு பக்கம் கை காட்டணுமே, நீ எந்தப் பக்கம் காட்டி ஆடப்போற?"

3

கல்யாணத்துக்கு முன் லுகியா ஹீலோவில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவள் யாரோ ஒருவ—

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னிடம் சாட்சி இல்லை. கல்யாணமான கொஞ்ச மாதத்திலேயே கைமானா பிறந்துவிட்டான் என்பது மட்டும் அந்த வீட்டின் பழைய கேலிப்பேச்சு. அதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.)

மாபுவானா சொன்னதை நோஹேயா வண்டியில் போகும்போது கணவனிடம் சொன்னாள். கைமானா வண்டியை ஓரங்கட்டினான்.

"எங்கம்மாவப் பத்தியா பேசுற?"

"பாட்டப் பத்திப் பேசுறேன்."

"ரெண்டு பேருமா ஹீலோ போயிருப்பாங்க."

"அந்தப் பக்கம் காலே வச்சதில்லன்னு உங்கப்பாவே பெருமையடிப்பாரே."

அவன் கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தான். நோஹேயாவுக்கு ஏன் சொன்னோம் என்றிருந்தது. அதற்குப் பிறகு அவன் யுகுலேலேயைத் தொடவில்லை. சாப்பிடும்போது அப்பாவின் மூக்கையும் காதையும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

பிறந்தநாள் விருந்தில் நானும் இருந்தேன். குழியில் சுட்ட பன்றியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் கேட்கவே கைமானா பாட எழுந்தான். நோஹேயா ஆட நின்றாள். மழை வரும் அடியில் அவன் மழையைப் பாடவில்லை. கோனாவின் கடற்காற்று ஒன்றைப் போட்டுப் பாடினான். அவளுடைய கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

பெனியமினா கண் திறந்தார். "ஏன்டா மாத்துற?"

"ஒண்ணுமில்லப்பா. மறந்துபோச்சு."

"நீ மறக்கல. உங்கம்மா கட்டினபடி பாடு."

"அப்பா, அந்த மழை..."

"அது எங்க பெய்யுதுன்னு எனக்குத் தெரியாதா? பாடு."

கைமானா முதலிலிருந்து பாடினான். நோஹேயா ஹீலோ இருக்கும் பக்கமே கை நீட்டி ஆடினாள். கிழவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் எல்லாம் தெரிந்தே லுகியாவை மணந்தார். இன்னொன்றில், ஒரே ஒரு முறை யாருக்கும் சொல்லாமல் ஹீலோவுக்குப் போய் அவளோடு நனைந்த ஆள் அவரேதான். முதலாவது மிகவும் உருக்கமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இரண்டாவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது; அதையும் நம்ப முடியவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் பெனியமினா தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கைமானாவுக்குப் போட்டார். "உக்காந்து சாப்பிடு," என்றார். அவன் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை.

மாலை போட்டது யார், போட்டுக்கொண்டது யாருடைய பிள்ளை? இதை வாசிக்கும் உங்களுக்குத் தோன்றியதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கோனாவுக்கு வந்தால் கிழவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.