இன்றைக்கு முட்டை யாருக்கு

பாண்டிதுரை போலீஸில் ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள், யாரை விசாரிப்பது என்று தெரியாமல், ராஜபாளையத்து வீட்டில் மனைவி கல்பனாவை விசாரிக்க ஆரம்பித்தார். சர்க்கரை டப்பா ஏன் இடம் மாறியது, பால்காரர் ஏன் இன்றைக்குத் தாமதம், வாசல் விளக்கை அணைத்தது யார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கல்பனா, கேள்வி கேட்காமல் இருக்க முடியாதென்றால் ஊரில் உள்ளவர்களைப் போய்க் கேளுங்கள், என்னை விடுங்கள் என்று கும்பிட்டுவிட்டார். அப்படிப் பிறந்ததுதான், சொந்த ஊர்ப் பெயரில் இருந்த 'தேவதானம் சொந்தங்கள்' வாட்ஸப் குழுவின் தினப்புதிர்.

காலையில் பால் பொங்குகிறதோ இல்லையோ, புதிர் வந்துவிடும். 'வராத வரைக்கும் திட்டுவார்கள், வந்துவிட்டால் ஏறி மிதிப்பார்கள், அது என்ன?' என்று கேட்பார். டவுன் பஸ் என்பது விடை. அதற்குக் கீழே அன்றாட வாழ்க்கை பற்றி இரண்டு வரி இருக்கும். 'நேற்று வாங்கிய தக்காளியில் பாதி அழுகல். கடைக்காரரிடம் கேட்டால், நல்ல பாதியைப் பார்த்து வாழக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்.' இந்த மாதிரி. படிக்கிறவர்கள் சிரித்தார்களோ இல்லையோ, எழுதும்போது பாண்டிதுரை சிரித்துவிடுவார். அதைக் கல்பனா பார்த்திருக்கிறார்.

விடையைக் குழுவில் போடக்கூடாது. பாண்டிதுரையின் எண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். சாயங்காலம் அவர் தீர்ப்பு எழுதுவார். தப்பாகச் சொன்னவருக்கு முட்டைப் படம் ஒன்றும், கூடவே நாலு வரி கேலியும் உண்டு. ஆனால் இந்த முட்டை எல்லாருக்கும் கிடைத்துவிடாது. அண்ணன் தம்பி முறையுள்ள பங்காளிகள் தப்பு விட்டால், 'நல்ல முயற்சி' என்று மரியாதையாக முடித்துவிடுவார். பங்காளியைக் கேலி செய்தால் அது பகையில் போய் நிற்கும். முட்டையும் கேலியும் மாமன் மச்சான் முறைக்காரர்களுக்கு மட்டும்தான். அவர்களைக் கேலி செய்யாவிட்டால்தான் வருத்தப்படுவார்கள், என்ன மனஸ்தாபம் என்று கேட்பார்கள்.

அந்த வரிசையில் முதல் ஆள் சமுத்திரம், பாண்டிதுரையின் தங்கை மகாலட்சுமியின் வீட்டுக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு கட்டி உட்கார்ந்தவர். தெருவில் யாருக்குப் பென்ஷனில் சிக்கல் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். புதிர் வந்த சூட்டோடு அவருடைய விடை வந்து நிற்கும், பெரும்பாலும் குரல் பதிவாக. "மச்சான், இதெல்லாம் ஒரு கேள்வியா? உங்க ஸ்டேசன்ல திருடன் கிட்டயும் இப்டித்தான் கேட்டீகளா?" என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் விடையைச் சொல்வார். அவரை முட்டை வாங்க வைக்க வேண்டும் என்பதற்காகவே பாண்டிதுரை ராத்திரியெல்லாம் புரண்டு யோசிப்பதும் உண்டு.

இந்த வருஷம் தை கழிந்த பிறகு அந்த ஆசை நிறைவேறத் தொடங்கியது. மாப்பிள்ளை தாமதமாகப் பதில் போட்டார். குரல் பதிவு நின்று, எழுத்துப் பதில்கள் வந்தன. அவையும் தப்பு. ஒரு நாள் பாண்டிதுரை பழைய புதிர் ஒன்றைத் தூசி தட்டிப் போட்டார். ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் வேகமாகப் போகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஸ் மெதுவாக வருகிறது. வழியில் இரண்டும் சந்திக்கும்போது ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது? சந்திக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில்தானே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். முன்பொரு தடவை இதே கேள்விக்கு இது குழந்தைகள் கணக்கு என்று நக்கலடித்த சமுத்திரம், இந்த முறை 'ராஜபாளையம் பஸ்' என்று எழுதியிருந்தார்.

பாண்டிதுரைக்குக் கை நமநமத்தது. 'எல்லையைக் காத்த சுபேதார் சத்திரப்பட்டி விலக்கு ரோட்டைத் தாண்டத் தெரியாமல் முழிக்கிறார். ஒரு முட்டை பத்தாது, ஆம்லெட்டே போடலாம்' என்று எழுதினார். சொந்தங்கள் எல்லாரும் சிரித்துத் தள்ளினார்கள். அந்த வாரம் முழுக்க முட்டை மழைதான்.

ஆடி பிறந்ததும் நிலைமை தலைகீழானது. சமுத்திரம் எண்ணிலிருந்து மறுபடியும் சரியான விடைகள் வர ஆரம்பித்தன. ஒரு தப்புக் கிடையாது. ஆனால் நக்கல் இல்லை, சிரிப்பு இல்லை, ஒற்றைச் சொல்லில் விடை மட்டும் வந்து நிற்கும். பாண்டிதுரையின் போலீஸ் மூளை உடனே முடிவு கட்டிவிட்டது. மாப்பிள்ளை இன்டர்நெட்டைக் கேட்டு எழுதுகிறார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் பாண்டிதுரைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கில் படி இறங்கவில்லை. மகாலட்சுமியும் போனில், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், தண்ணீர்ப் பைப் உடைந்து கிடக்கிறது, பொறவு வாண்ணே என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தினமும் பதில் வருகிறதே, அதுவே தினமும் பார்த்துக்கொள்வது மாதிரிதானே என்று நினைத்துவிட்டார். நாம் எல்லாரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பொறியை வைத்தார். 'எங்கள் ஐயா மட்டும் உட்காரும் நாற்காலி. நான் திருட்டுத்தனமாக உட்கார்ந்தேன், ஒரு கால் போனது. அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்தது எது?' எந்த இன்டர்நெட்டுக்கும் தெரியாது இது. சின்ன வயதில், நெல் அளக்கும் படியைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள் அண்ணனும் தங்கையும். பாவம் ஐயா, படியைக் காணோம் படியைக் காணோம் என்று அறுவடை முடியும் வரை அதன் மேலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். சாகும் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா மகன் ராம்கி, செங்கலா மாமா என்று கேட்டான். சமுத்திரம் எண்ணிலிருந்து ஒரே சொல் வந்தது. 'படி.'

பாண்டிதுரை கட்டிலில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஆக, இன்டர்நெட் இல்லை, பெண்டாட்டி! சத்தியத்தை மீறிப் புருஷனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள் தங்கச்சி. மறுநாள் சனிக்கிழமை. கல்பனா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கடையில் ஒரு தட்டு முட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். இதுவரை படமாகக் கொடுத்ததை நேரில் கொடுக்கப் போகிறார். புரட்டாசிச் சனிக்கிழமை முட்டையை வீட்டுக்குள் சேர்க்காத மாப்பிள்ளை என்ன பாடு படுவார் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பஸ் நிறைய, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். நாமம் போட்ட ஒரு பெரியவர் முட்டைத் தட்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

மடவார் வளாகத்தில் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து போய்க் கதவைத் தட்டினார். சமுத்திரம்தான் திறந்தார். மழுங்கச் சிரைத்த கன்னம், வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, எல்லாம் அப்படியே இருந்தன. பாண்டிதுரை முட்டைத் தட்டை நீட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றார்.

சமுத்திரம் தட்டைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "புரட்டாசில எங்க வீட்ல முட்டை எடுக்க மாட்டோமேய்யா" என்றார், மனசு நோகக்கூடாதே என்கிற குரலில்.

பாண்டிதுரை வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நடிப்பு என்று நினைத்தார். சமுத்திரம் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வாசலில் போட்டார். ஒரு சொம்பில் தண்ணீரும் கொண்டு வந்தார். "வெயில்ல கால வேற தாங்கித் தாங்கி நடந்து வந்துருக்கீக. செத்த உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க. எந்த ஊரு உங்களுக்கு?"

முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்துப் பொய்யையும் மெய்யையும் பிரித்தவர் பாண்டிதுரை. அந்த முகத்தில் நடிப்பு இல்லை என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நின்ற ஏதோ ஒரு முட்டை வியாபாரிக்குக் கொடுக்கிற மரியாதையை மாப்பிள்ளை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாண்டிதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பை வாங்கி, தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

மகாலட்சுமி பின்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அண்ணனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். சமுத்திரம் அவளிடம், "ஏட்டி, இவரு ராஜபாளையமாம். ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்றுவிட்டு உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். ராஜபாளையம் என்று பாண்டிதுரை சொல்லவே இல்லை. எங்கோ ஒரு மூலையில் அது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுக்களையில் வைத்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தை மாதமே மதுரையில் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இது மறதி நோய், மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம், திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். முதலில் அவரேதான் தட்டுத் தடுமாறிப் பதில் போட்டிருக்கிறார். ஆடியில் போனை எப்படிப் பிடிப்பது என்பதும் மறந்து போனது. பதில் வராமல் நின்றால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்கள், தெருவுக்கே யோசனை சொன்ன மனிதரை நாலு பேர் பாவம் என்பார்கள். அதைத் தாங்க முடியாமல் அவளே போட ஆரம்பித்திருக்கிறாள்.

"அப்ப அந்தப் படி?" என்று கேட்டார் பாண்டிதுரை.

"அத அவியகிட்டச் சொன்னதே இல்லண்ணே. சத்தியம் பண்ணிருக்கோம்ல. கேள்வியப் பாத்ததும் கை தானாப் போட்டுருச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போட்ட பொறவு, நீ கண்டுபிடிச்சு வந்துட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. ஒத்தையா முடியல."

பாண்டிதுரைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான், இவர் ஆம்லெட் போடலாம் என்று எழுதி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார். துப்புத் துலக்குகிற மூளையாம். அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினார். மகாலட்சுமி தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீ கேலி பண்ணி எழுதுறத நாந்தான் அவியளுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். யாரு எழுதுனா, யாரப் பத்திங்கிறது ஒண்ணும் தெரியாது. ஆனா அம்புட்டுச் சிரிப்பாக. நாள் பூரா அந்த ஒரு சிரிப்புத்தான். நாஞ் சரியாப் பதில் போட்டதும் நீ கேலிய நிப்பாட்டிட்ட. அவிய சிரிப்பும் நின்னு போச்சு."

அவர் பேரைக் காப்பாற்றப் போய், அவர் சிரிப்பைப் பறிகொடுத்துவிட்டு நின்றாள் தங்கை. இனி வேண்டுமென்றே தப்பாகப் போடட்டுமா, நீ பழையபடி முட்டை கொடுக்கிறாயா என்று அவள் கேட்டபோது பாண்டிதுரையால் முடியாது என்று சொல்லத்தான் முடிந்தது. தெரிந்த பிறகு அந்த மனிதரை ஊர் முன்னால் கேலி செய்ய அவர் விரல் வளையாது.

உள்ளே டிவியில் யாரோ வழுக்கி விழ, சமுத்திரம் சேனலை மாற்றினார். பாண்டிதுரை முட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாளையிலேருந்து கேள்விய அவரு நம்பர்லருந்து நீ போடுறியா தாயி? பதில் நான் போடுறேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும், ஆனால் இனி சனிக்கிழமைதோறும் அவர் வந்து மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருப்பார், அந்த நேரம் அவள் படுத்துத் தூங்க வேண்டும் என்றும் முடிவானது. அவர் புறப்படும்போது சமுத்திரம் வாசல் வரை வந்து, முட்டையைப் பத்திரமாகக் கொண்டு போகச் சொல்லி வழியனுப்பினார்.

மறுநாள் காலையில் பாண்டிதுரை புதிர் போடவில்லை. கல்பனா காபியை வைத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குழுவில் சமுத்திரம் எண்ணிலிருந்து ஒரு புதிர் வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பஸ் வேகமாகப் போகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஸ் மெதுவாக வருகிறது. சந்திக்கும்போது ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது?

தனியாக அனுப்ப வேண்டும் என்ற தன் சட்டத்தைத் தானே மீறி, எல்லாரும் பார்க்கக் குழுவிலேயே விடையைப் போட்டார் பாண்டிதுரை. 'ராஜபாளையம் பஸ்.'

சொந்தங்கள் துள்ளிக் குதித்தார்கள். தினமும் கேள்வி போடுகிறவருக்கே விடை தெரியவில்லையா மாமா என்று ராம்கி எழுதினான். சமுத்திரம் எண்ணிலிருந்து ஒரு முட்டைப் படம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு, பாண்டிதுரைக்கு மட்டும் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. மகாலட்சுமி விடையையும் சொந்தங்களின் கேலியையும் வாசித்துக் காட்டுகிற சத்தம், பிறகு ஒரு சிரிப்பு. நெஞ்சுக்குள்ளிருந்து குலுங்கிக் குலுங்கி வரும் சமுத்திரத்தின் சிரிப்பு. தை மாதத்துக்குப் பிறகு பாண்டிதுரை அதை இப்போதுதான் கேட்கிறார்.

சிரித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சமுத்திரம் கேட்டார்: "யாருட்டி இந்த ஆளு? நல்ல ஆளா இருக்காரே. ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லேன்."