ஒரே ஒரு விண்ணப்பம்

1984 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, மலேசியாவின் இப்போ நகரில் செமோர் சாலையில் இருந்த ரப்பர்த் தொழிற்சாலையின் வரவேற்பறையில் வீரம்மா ஓர் ஆங்கில இதழைப் பார்த்தாள். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று யாரோ அதை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன, மேனேஜர் அர்ச்சுனனேதான். அவன் எம்.பி.ஏ. படித்த ஸ்காட்லாந்துக் கல்லூரி பழைய மாணவர்களுக்காக அச்சடிக்கும் இதழ் அது. ஒரு முழுப் பக்கத்துக்கு அவன் படம். கீழே, மலேசியாவில் ஒரு ரப்பர் ஆலையின் டீசல் செலவில் காற்பங்கை மிச்சப்படுத்திய இளம் பொறியாளர் என்று பாராட்டு. அவன் விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையிலிருந்து சில வரிகளும் ஒரு வரைபடமும் இருந்தன.

வீரம்மா வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். அதில் இருந்த ஏழு என்ற எண்களுக்கெல்லாம் நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருந்தது. தொழிற்சாலையில் ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். வரைபடத்தின் வலது மூலை, வரைந்தவர் பெயரும் தேதியும் இருக்கும் மூலை, கத்தரிக்கப்பட்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. இதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கதை ஐந்து வருஷம் பழையது. வீரம்மா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்து 1979-இல் அங்கே சேர்ந்தாள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டிய அக்காவின் உழைப்பில் படித்தவள். அந்த வருஷம் டீசல் விலை தாறுமாறாக ஏறியது. ரப்பர்த் துகளைக் காயவைக்கும் டிரையரில் பாதிச் சூடு புகைபோக்கி வழியாக வெளியே போவதை அவள் கவனித்தாள். அந்தச் சூட்டைத் திருப்பி உள்ளே கொண்டுவர ஒரு குழாய் அமைப்பை வரைந்தாள். டிரையர் பார்த்துக்கொண்ட ஐயாவுவை வைத்துக்கொண்டு 1980 ஜனவரியில் சோதனையும் செய்து முடித்தாள். பதினெட்டுப் பக்கத்தில் அறிக்கை எழுதினாள்.

மார்ச்சில், கம்பெனிக்குச் சுங்காய் ஊரில் இருந்த ஆலையிலிருந்து அர்ச்சுனன் மாற்றலாகி வந்தான். அவனும் தோட்டத்துப் பிள்ளை. அவன் அப்பாவும் ரப்பர்ப் பால் வாளி தூக்கியவர். வீரம்மா அவனை அண்ணே என்று கூப்பிட்டாள், அறிக்கையையும் நம்பிக் கொடுத்தாள்.

"நீ புதுசு, பொம்பளப் பிள்ள வேற. உம் பேர்ல போனா ஹெட் ஆபிஸ்ல புரட்டிக்கூடப் பார்க்க மாட்டானுங்க. எம் பேர்ல அனுப்புறேன். பாஸானதும் உம் பேரையும் சேர்த்துக்கலாம்லா" என்றான்.

பாஸானது. பெயர் சேரவில்லை. அந்த அறிக்கையைக் காட்டித்தான் கம்பெனி உபகாரச் சம்பளம் வாங்கி அவன் ஸ்காட்லாந்து போனான். 1982 கடைசியில் மேனேஜராகத் திரும்பி வந்தான். வந்த மாதமே, "டிரையர் பக்கம் சூடு ஜாஸ்தி, உனக்கு ஒத்து வராது" என்று சிரித்துக்கொண்டே அவளை உதிரிப்பாக ஸ்டோருக்கு மாற்றினான். அன்றோடு அவள் அண்ணே என்பதை நிறுத்தி, மிஸ்டர் அர்ச்சுனன் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஸ்டோரில் உட்கார்ந்திருந்த இரண்டு வருஷத்தில்தான் அவளுக்கும் எம்.பி.ஏ. ஆசை வந்தது. பொறியாளராகவே இருந்தால் அர்ச்சுனன் மாதிரி ஆட்களுக்குக் கீழேதான் காலம் கழியும் என்று தோன்றியது. ஐந்து கல்லூரிகளுக்கு எழுதிப்போட்டு விவரம் வரவழைத்தாள். மணிலாவில் பாதி மாணவர்கள் பொறியாளர்கள். நிஜத் தொழிற்சாலைகளின் சிக்கல்களை வைத்தே பாடம். சிங்கப்பூர் பக்கத்தில்தான், ஆனால் மேலாளராக இருந்த அனுபவம் கேட்டது. லண்டனில் இரண்டு வருஷம் ஆகும். அமெரிக்கக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆங்கிலச் சொல் விளையாட்டு வராது. ஐந்தாவது ஸ்காட்லாந்து. அவன் படித்த இடம் என்பதால் அதைக் கடைசியில் போட்டு வைத்திருந்தாள். மணிலாதான் என்று மனத்துக்குள் ஏறக்குறைய முடிவாகியும் இருந்தது.

அன்று சாயங்காலம் புந்தோங்கில் இருந்த வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஐந்து விண்ணப்பங்களையும் பரப்பினாள். நான்கை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அக்கா மாரியம்மா ஆஸ்பத்திரி ஆயா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். செமோர் தோட்டத்தைத் துண்டு போட்டு வீடு கட்ட விற்றபோது லயத்தைவிட்டு இப்போ நகரத்துக்கு வந்தவர்கள் அவர்கள் இருவரும்.

"மணிலான்னுதான சொன்ன? அதை ஏன் தள்ளி வச்சிட்ட?"

வீரம்மா இதழை விரித்துக் காட்டினாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தங்கை வரைந்த படத்தை அவளுக்குத் தெரியும். 1979 நவம்பர் மாதம் முழுக்க அது இதே மேசையில்தான் கிடந்தது.

"நாசமாப் போறவன்" என்றாள் மாரியம்மா. பிறகு, "சரி, அதுக்கும் இதுக்கும் என்னா?"

"ஸ்காட்லாந்துக்கு மட்டும்தான்கா போடப் போறேன். 'நீ செய்ததிலேயே பெரிய காரியம் என்ன?'ன்னு ஒரு கேள்வி இருக்கு. டிரையரைப் பத்தி எழுதுவேன். அதே படம், மூலை வெட்டாத படம். பாசார் மார்க்கெட் பக்கத்துக் கடையில அன்னைக்கு நகல் எடுத்த ரசீது இருக்கு, நவம்பர் எழுபத்தொம்பதுன்னு தேதியோட. ஐயாவு அண்ணனோட டீசல் புத்தகத்துல ஜனவரிப் பக்கம் இருக்கு. அப்ப இவன் சுங்காய்ல இருந்தான். இப்போ டவுன் எந்தப் பக்கம்னுகூட இவனுக்குத் தெரியாது."

"அதை ஹெட் ஆபிஸ்ல காட்டேன்."

"ஹெட் ஆபிஸ்ல இவன் சொல்றதத்தான் கேப்பானுங்க. ஸ்காட்லாந்துல வேற ஒண்ணு இருக்கு. மேலதிகாரி கையால ஒரு கடுதாசி கேக்குறாங்க. கவர ஒட்டி, நேரா அனுப்பணும். நான் பார்க்கக் கூடாது. எனக்கு மேலதிகாரி யாரு?"

"அவன் உண்மைய எழுதிட்டா?"

"எழுதினா பிழைச்சான். இது வீரம்மாவோடதுதான்னு ஒரு வரி எழுதட்டும், நான் எல்லாத்தையும் விட்டுர்றேன். ஆனா அவன் எழுத மாட்டான்கா. பொய்தான் எழுதுவான். கையெழுத்துப் போட்டு எழுதுவான். எனக்கு அதுதான் வேணும்."

"உன் படிப்பு?"

வீரம்மா விண்ணப்பத்தில் பெயரை எழுத ஆரம்பித்திருந்தாள்.

அக்டோபரில் பினாங்கு போய் நுழைவுத் தேர்வு எழுதினாள். ஐயாவு தன் டீசல் புத்தகத்தை ஒரு மதியம் அவளிடம் கொடுத்து, "எடுத்துட்டுப் போம்மா. நான் பார்க்கல" என்றார். அதன் பக்கங்களையும் கடை ரசீதையும் நகல் எடுத்து, விண்ணப்பத்தோடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அதன் பிறகே பரிந்துரைப் படிவத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

அர்ச்சுனன் படிவத்தை வாங்கினான். மேலே இருந்த கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

"எத்தனையோ இடம் இருக்க, ஏன் அங்க?"

"நீங்க படிச்ச இடம். நல்லாதான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"கட்டுரைல என்னா எழுதின?"

"டிரையரைப் பத்தி."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தான். குரல் பழைய அண்ணன் குரலாகிவிட்டது.

"இந்தா பாரு வீரம்மா. நாம ரெண்டு பேரும் லயத்துல பொறந்தவங்க. ஒருத்தர் ஏறுனாத்தான் இன்னொருத்தரத் தூக்க முடியும். நீ மணிலாவுக்குப் போடு. கம்பெனி செலவுல அனுப்ப நான் ஏற்பாடு பண்றேன். அடுத்த ஜூன்ல நீ அங்க இருப்ப. சத்தியமா சொல்றேன்."

அது வெறும் வார்த்தையில்லை, அவனால் செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவன் அவளுக்குப் பயப்படுகிறான் என்பதும் தெரிந்தது. மணிலாவைவிட அந்தப் பயம் இனித்தது. நாக்கில் வைத்த வெல்லம்போல அதைக் கொஞ்ச நேரம் கரையவிட்டாள்.

"அனுப்பிட்டேன் மிஸ்டர் அர்ச்சுனன். உங்க கடுதாசி மட்டும்தான் பாக்கி. உள்ளதை உள்ளபடி எழுதினாப் போதும்."

"உன்ன யாரு நம்புவா?" அவன் குரல் மாறியது. "நீ ஸ்டோர்ல நட்டு போல்ட்டு எண்ணுறவ. நான் மேனேஜர், அவங்களோட பழைய மாணவன். யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"சரி. எழுதுறேன். நல்லாவே எழுதுறேன்."

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு வந்தாள். இணைத்து அனுப்பிய ரசீதையும் டீசல் பக்கங்களையும் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பொய் எழுதத் துணிந்திருக்க மாட்டான். சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அவன் என்ன எழுதினான் என்பது 1985 மார்ச்சில் தெரிந்தது. விளக்கம் கேட்டு அவளுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அவள் சொல்லும் வேலையை 1979-இல் தொடக்கம் முதலே இப்போ நகர ஆலையிலிருந்து தானே நடத்தியதாகவும், அவள் தன் உத்தரவுப்படி கோடு போட்டவள் மட்டுமே என்றும், நாணயமில்லாதவள் என்றும் அவள் மேலதிகாரி கையெழுத்திட்டு எழுதியிருக்கிறார். ஆனால் அவள் அனுப்பிய தாள்கள் வேறு சொல்கின்றன. ஆகவே அவர் எந்தத் தேதியில் எந்த ஆலையில் இருந்தார் என்று கம்பெனித் தலைமையகத்திடம் கேட்டிருக்கிறோம் என்றிருந்தது. அவள் இரண்டே வரியில் பதில் எழுதினாள். தாள்களின் மூலங்கள் தன்னிடம் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் காட்டத் தயார்.

தலைமையகத்தில் அந்தக் கேள்வி பதிவேடு எழுதும் ஒரு கிராணியின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமலே அவர் பதிவேட்டைப் பார்த்துப் பதில் போட்டுவிட்டார். சுங்காயிலிருந்து இப்போவுக்கு மாற்றல், 3 மார்ச் 1980. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. கல்லூரி கம்பெனிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியது. கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்து, ஐயாவுவையும் வீரம்மாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் நாள் மேனேஜர் அறைப் பெயர்ப்பலகையை மேஸ்திரியான மண்டோர் திருகாணி கழற்றி இறக்கினார். தானாக விலகியதாகக் கம்பெனி அறிவித்தது. அவன் பட்டத்தைப் பற்றி விசாரிப்பதாகக் கல்லூரியும் சொல்லிவிட்டது.

சாமான்களை எடுக்க வந்த அன்று அர்ச்சுனன் கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பார்த்தான். காருக்குள் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இறங்கி வந்தான்.

"இப்ப சந்தோஷமா?"

வேறு யாராவதாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பார்கள், இல்லையென்றால் சமாதானமாக ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

"ஆமா" என்றாள் வீரம்மா. "ரொம்ப."

அவன் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டான்.

மே மாதம் ஸ்காட்லாந்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நடந்ததற்கு வருத்தமும், அவள் நேர்மைக்குப் பாராட்டும், கட்டணத்தில் பாதிச் சலுகையும். மாரியம்மா சந்தோஷத்தில் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றப் போனாள். திரும்பி வந்தபோது தங்கை, இடம் வேண்டாம், நன்றி என்று பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"இல்லக்கா. அந்தக் காலேஜ் எனக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் வேண்டியிருந்தது. அது முடிஞ்சிருச்சு. அவன் உக்காந்த பெஞ்சில போய் நான் உக்காரணுமா?"

"அன்னைக்குக் கார்ல அவன் பிள்ளைக இருந்துச்சுன்னு ஐயாவு சொன்னாரு. அதுக முகம் கண்ணுல நிக்கலையா உனக்கு?"

வீரம்மா பேனாவை வைத்தாள். "நிக்குது. ராத்திரியிலயும் நிக்குது. அதுக்காக, செஞ்சிருக்க வேணாம்னு எனக்கு ஒருநாளும் தோணல. நீ என்னை எப்படி வேணும்னாலும் நெனச்சுக்க."

மாரியம்மா அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"இந்த வருஷமாவது மணிலாவுக்குப் போடுவியா, இல்ல அங்கயும் எவனாவது இருக்கானா?"

"எவனும் இல்ல. போடுறேன்."

"அதுக்கும் மேலதிகாரி கடுதாசி வேணுமா?"

"வேணும். புது மேனேஜர் அடுத்த வாரம் வாரார்."

"அவர்கிட்டயாவது ஒழுங்கா இரு" என்று சொல்லிவிட்டு மாரியம்மா பஸ்ஸுக்கு நடந்தாள்.